அருள்புரத்தில் ஓர் இடதுகை வீரன்

"கல்லைப் பத்திப் பேசுனா, கேக்கறதுக்குக் கல்லுதான் அம்மிணி வரும்."

பேக்கரிக்காரர் இதைச் சொன்னபோது தட்டில் தேங்காய் பன்னை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அருள்புரத்தில் மாதந்தோறும் மூன்றாவது ஞாயிறு மாலை நடக்கும் வரலாற்றுக் கூட்டத்துக்கு அவர்தான் செயலாளர். மைக் பிடித்துக் கொடுப்பவரும் அவர்தான், தேநீர் தருபவரும் அவர்தான். கூட்டம் நடப்பதும் அவருடைய பேக்கரி மாடியில். அதனால் அங்கே யார் பேசலாம், எதைப் பற்றிப் பேசலாம் என்பதில் அவர் சொன்னதுதான் முடிவு.

அதுவரை பேச வந்தவர்கள் எல்லோரும் கோயமுத்தூரிலிருந்து வந்தவர்கள். பெரிய அரசர்களைப் பற்றி, பெரிய போர்களைப் பற்றி, பெரிய குரலில் பேசினார்கள். கேட்க வந்தவர்கள் பனியன் கம்பெனி ஆட்கள். வாரம் முழுக்க ஓவர்டைம் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி கிடைத்தால், எந்தப் பேரரசாலும் அவர்களுடைய தூக்கத்தை வெல்ல முடியாது. பேச்சு முடிந்ததும் பன் தட்டு வரும் சத்தத்துக்குச் சரியாக விழித்துக்கொள்வார்கள். கைதட்டலும் அந்த நேரத்தில்தான் பலமாக இருக்கும்.

நான் அவரிடம் போனது, நானே பேசுகிறேன் என்று சொல்லத்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான். அதோடு நிற்காமல் எம்.ஏ. வரலாறும் படித்தேன். இதை எந்தப் பேச்சிலும் இரண்டு முறையாவது சொல்லிவிடுவேன் என்று அம்மா தெரிந்தவர்களை முன்கூட்டியே எச்சரித்து வைத்திருக்கிறாள். அம்மா பள்ளிக்கூடம் போனது மத்தியானச் சோற்றுக்கு மட்டும்தான். அதுவும் முட்டை போடும் நாளில் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அத்தனை படித்துவிட்டு நான் பார்க்கும் வேலை, ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் அனுப்புவது. பட்டன் கலர் சரியா, லேபிள் இடம் சரியா என்று கேட்டுக் கேட்டு எழுதுவேன். எம்.ஏ. என்ற இரண்டெழுத்து என் டேபிளில் யாருக்கும் தேவைப்பட்டதில்லை. அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு வேண்டியிருந்தன. எங்களைச் சுற்றி இருக்கும் பழைய கற்கள், வாய்க்கால்கள், மாட்டுவண்டித் தடங்கள் பற்றியெல்லாம் பேச என்னிடம் ஒரு வருடத்துக்கு விஷயம் இருந்தது. பேச இடம்தான் இல்லை.

பேக்கரிக்காரர் பன் அடுக்கி முடித்துவிட்டுச் சொன்னார்: "ஒரே ஒரு கூட்டம் தர்றேன். சனம் தூங்காமக் கேட்டுச்சுன்னா, அடுத்த ஒரு வருசத்துக்கு மூணாவது ஞாயிறு உங்களுதுங்க. தூங்கிருச்சுன்னா நான் பழையபடி கோயமுத்தூருக்கே போன் பண்ணிக்கறேன்."

"சரிங்கண்ணா" என்றேன். படி இறங்கும்போதே மேடையில் நின்றிருந்தேன்.

நான் பேச எடுத்துக்கொண்ட கல், மடத்துக்குளம் பக்கத்தில் அம்மா பிறந்த ஊரின் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறது. புலிகுத்திக்கல். புலியோடு சண்டை போட்டுச் செத்தவனுக்கு ஊர்க்காரர்கள் நட்டு வைத்த கல். ஒரு ஆள், அவன் கையில் வாள், எதிரே பின்னங்கால்களில் எழும்பி நிற்கும் புலி. இந்தப் பக்கத்தில் இப்படிப்பட்ட கற்கள் பல ஊர்களில் உண்டு. பெரும்பாலும் அவற்றில் யாராவது சைக்கிளைச் சாய்த்து வைத்திருப்பார்கள்.

"எந்தக் கல்லு கண்ணு?" என்று கேட்டாள் அம்மா.

"உங்கூர் பஸ் ஸ்டாப் கல்லும்மா."

"அதுவா? அதுல பேசறதுக்கு என்ன இருக்குது?"

"நீ வந்து கேளு, தெரியும்."

அந்தக் கல்லைப் பார்க்கப் போனபோது அம்மாவை நான் கூட்டிப்போகவில்லை. அவளும் வந்தால் அது ஆய்வாக இருக்காது, சொந்தக்காரர் வீட்டுக்குப் போனதாக ஆகிவிடும் என்று நினைத்தேன். தனியாக உடுமலைப்பேட்டை போய், அங்கிருந்து டவுன் பஸ் பிடித்தேன். தோளில் நீளமாக ஒரு தாள் சுருள் இருந்தது. எங்கள் கம்பெனி கட்டிங் மாஸ்டரிடம் வாங்கியது. துணி மேல் விரித்து வெட்டுக்கோடு போடுவார்களே, அந்த மெல்லிய தாள். அவரிடமே தையல் சாக்பீஸும் வாங்கிக்கொண்டேன்.

நடுப்பகலில் போய்ச் சேர்ந்தேன். போனில் எடுத்த படத்தில் கல் வெறும் வெளிச்சமாகத்தான் விழுந்தது. அதனால் தாளைக் கல்லின் மேல் ஒட்டி, சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்தேன். ஆள் வந்தான், வாள் வந்தது, புலி வந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள், நான் ஏதோ விளம்பரம் ஒட்டுகிறேன் என்று நினைத்து எந்தக் கட்சி என்று கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் சாக்பீஸ் பொடி கையெல்லாம் ஒட்டியது. தொட்ட இடமெல்லாம் கலைந்தது. தாள் மெல்லியதாக இருந்ததால் கோடுகள் மறுபக்கமும் தெரிந்தன. சரி, சுத்தமான பக்கத்தில் கறுப்பு மார்க்கரால் வரைந்துகொள்வோம் என்று, தாளைத் திருப்பிப் போட்டு ஒவ்வொரு கோடாக வரைந்தேன். அன்று என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

வரைந்து முடித்ததும் ஒன்று கண்ணில் பட்டது. வீரனின் வாள் இடது கையில் இருந்தது.

அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை. படித்த பெண்ணுக்குக் கோடு ஒன்று கிடைத்தால் போதும், அதில் கோட்டையே கட்டிவிடுவாள். இடது கையால் வாள் பிடித்தவனை இந்த ஊர் எப்படி நடத்தியிருக்கும்? இடது கையால் எதைக் கொடுத்தாலும் வாங்க மாட்டோம் என்ற ஊரில், ஒருவனுடைய இடது கையைக் கல்லிலேயே செதுக்கி நட்டிருக்கிறார்கள் என்றால், அந்தக் கையை ஊர் கும்பிட்டிருக்கிறது என்றுதானே அர்த்தம்? நோட்டில் பக்கம் பக்கமாக எழுதினேன். தலைப்பும் வைத்தேன்: 'இடதுகை வீரன்'.

பேக்கரிக்காரருக்கே தலைப்பு பிடித்துவிட்டது. கண்ணாடிக் கதவில் நோட்டீஸ் ஒட்டினார். அதைப் படித்துவிட்டு முதலில் மகிழ்ந்தவர் எங்கள் கட்டிங் மாஸ்டர். விருதுநகர் பக்கத்திலிருந்து இருபது வயதில் இங்கே வந்தவர். இடதுகைக்காரர். கத்தரிக்கோல் எல்லாமே வலது கைக்காகச் செய்யப்பட்டவை என்பதால், அவர் துணி வெட்டுவதைப் பார்த்தால் யாருடனோ முதுகுக்குப் பின்னால் கைகுலுக்குவது போல இருக்கும். ஆனால் கோடு பிசகாது.

"நெசமாவா தாயி? இடது கையா?" என்று மூன்று முறை கேட்டார். "சின்ன வயசுல இந்தக் கையில சூடு வச்சாக தாயி, சோத்துக் கையை மாத்துறதுக்கு. நான் கண்டிப்பா வாரேன். ஆளுகளையும் கூட்டியாறேன்."

கூட்டி வந்தார். பேக்கரி மாடி நிறைந்துவிட்டது. அருள்புரத்தில் இத்தனை இடதுகைக்காரர்கள் சத்தமில்லாமல் வாழ்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. முதல் வரிசையில் அவர்கள் எல்லோரும் கல்யாண வீட்டு மாப்பிள்ளை வகையறா போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவும் அவளோடு செக்கிங் டேபிளில் நிற்கும் பெண்கள் இரண்டு பேரோடு வந்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பல வருடமாக அவள் ஒரு கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் பீஸை விரித்து, திருப்பி, தையலைத் தடவி, பிழை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு போட்ட குட்டி ஸ்டிக்கரை ஒட்டுவாள். ஸ்டிக்கர் விழுந்த பீஸ் ஆல்டருக்கு, அதாவது பிரித்துத் திருத்தித் தைக்க, போகும். வேலை முடிந்தும் அந்தக் கண் மூடாது. கல்யாணப் பத்திரிகை வந்தால் முதலில் மடிப்பு சரியா என்று பார்ப்பாள். எனக்கு வந்த மாப்பிள்ளை போட்டோக்களை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தவள் அவள்.

எங்கள் கூட்டத்தில் பேச வருபவருக்குச் சால்வை போடும் வழக்கம் இல்லை. ஏதாவது ஒரு கம்பெனியில் மிஞ்சிய டி-சர்ட் கொடுப்பார்கள். எனக்கும் கொடுத்தார்கள். நான் அதை மரியாதையாக அம்மாவின் மடியில் வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தேன். நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் அம்மா அதை உள்பக்கமாகத் திருப்பித் தோள் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேச்சு நன்றாகப் போனது. என் பின்னால் சுவரில் அந்தத் தாள் ஆளுயரத்துக்குத் தொங்கியது. யாரும் தூங்கவில்லை. நான் "இந்த இடது கையை" என்று சொல்லும்போதெல்லாம் முதல் வரிசை முழுக்கத் தங்கள் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டது. கட்டிங் மாஸ்டர் எழுந்து நின்று தன் இடது கையைத் தூக்கிக் காட்டியபோது கைதட்டினார்கள். பன் தட்டு வராமலே தட்டிய முதல் கைதட்டல் அது. பேக்கரிக்காரர் படிக்கட்டுப் பக்கம் நின்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஒரு வருட ஞாயிறுகளும் என் பைக்குள் வந்து விழுந்துவிட்டன என்று நினைத்தேன்.

கேள்வி கேட்பவர்கள் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். தேநீர் கொடுத்துக்கொண்டிருக்கும்போது சீட்டுகள் வந்தன. அம்மாவுக்கு எழுத வராது. அவள் பாட்டுக்கு எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுவரோரம் வந்தாள். படத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள். ஓவர்டைம் முடிந்து நேராக வந்ததால் கழுத்திலேயே தொங்கிய கம்பெனி ஐடி கார்டைத் திருப்பினாள். செக்கிங் பெண்கள் கார்டின் பின்புறம் எப்போதும் நாலைந்து ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருப்பார்கள். அதில் ஒன்றை உரித்து, வீரன் வாள் பிடித்த கைக்கு நேராக ஒட்டிவிட்டுத் திரும்பினாள்.

வேறு ஊராக இருந்தால் யாருக்கும் புரிந்திருக்காது. எங்கள் மாடியில் இருந்த அத்தனை பேருக்கும் அந்தச் சிவப்பு அம்புக்கு அர்த்தம் தெரியும். டம்ளர்கள் பாதி வழியில் நின்றன.

"என்னம்மா?" என்றேன். மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது என்பதை மறந்துவிட்டேன்.

"பிரிண்ட் திரும்பிருச்சு கண்ணு."

"என்ன பிரிண்டு? இது கல்லும்மா."

"கல்லு சரியாத்தான் இருக்குது. நீதான் திருப்பி வெச்சுட்டே. பனியன் நெஞ்சுல அடிக்கற படத்துக்கு பிலிமைத் திருப்பி வெச்சா எப்படி விழுகுமோ, அப்படி விழுந்திருக்குது. இந்தப் புலி பஸ் வர்ற பக்கம்தான் பாக்கும். நாங்க பஸ்ஸுக்கு நிக்கறப்ப, புலி பாத்துருச்சு, பஸ்ஸு வந்துரும்னு சொல்லுவோம். நீ அதை ஊருப் பக்கம் திருப்பி விட்டுட்டே. மூலை உடைஞ்சது பாரு, அதுவும் இந்தப் பக்கம் வந்திருக்குது. அது அந்தப் பக்கம் கண்ணு. நான் அதுல சோத்துத் தூக்குப்போசிப் பையை மாட்டி வெப்பேன்."

நான் தாளைச் சுவரிலிருந்து எடுத்தேன். அவசரத்தில் ஒரு ஓரம் கிழிந்தது. பின்பக்கத்தைத் திருப்பினால், கலைந்துபோன சாக்பீஸ் தூளில் அந்த ஆள் நின்றுகொண்டிருந்தான். வாள் அவனுடைய வலது கையில் இருந்தது.

முதல் வரிசையிலிருந்து கட்டிங் மாஸ்டர் எழுந்தார். "என் கையில இருந்த கத்தியைப் புடுங்கி அந்தக் கையில குடுத்துட்டீகளே தாயி" என்றார் அம்மாவைப் பார்த்து. "அரை மணி நேரம்தான் வச்சிருந்தேன்."

மாடியே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் பிறகு சொன்னார்கள். எனக்கு ஞாபகம் இல்லை.

அந்த வாரம் கம்பெனியில் எல்லோரும் என்னிடம் எதையாவது நீட்டி, இது நேரா இருக்குதுங்களா மேடம் என்று கேட்டார்கள். டீ டம்ளரைக்கூட அப்படிக் கேட்டார்கள். அதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பேக்கரிக்காரர் போன் பண்ணாததுதான் உறுத்தியது. வீட்டில் அம்மா இரண்டு நாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் கேட்டாள்.

"அங்க வெச்சு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கக் கூடாதா கண்ணு?"

"ஊட்டுல வெச்சே சொல்லியிருக்கலாமில்ல?"

"ஊட்டுல நீ எங்க காட்டுனே? கேக்கவும் இல்லை. அந்தக் கல்லுல சாஞ்சு பஸ்ஸுக்கு நின்னவ நானு."

எம்.ஏ.வில் அந்தப் பாடம் வரவில்லை.

மறுநாள் பேக்கரிக்குப் போனேன். அவர் பஃப்ஸ் தட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்.

"யாரும் தூங்கலைங்க, அது நெசம்தான்" என்று அவரே ஆரம்பித்தார். "ஆனா சிரிச்சாங்க அம்மிணி. சிரிச்சதை நான் எதுல சேத்தறது? நம்ம மாடியில இத்தனை கூட்டம் எந்தப் புரொபசரும் கண்டதில்லை. ஆனா தப்பாச் சொல்லிட்டாங்கன்னு பேரும் வந்துருச்சே."

"அந்தப் புரொபசருங்க சொன்னதுல தப்பே இல்லையாங்கண்ணா?"

ஒரு பஃப்ஸை நகர்த்தி வைத்தார். "தெரியலைங்க. ஆரு முழிச்சிருந்தா?"

"செக்கிங்ல ஸ்டிக்கர் விழுந்த பீஸைத் தூக்கியா போடறாங்க? ஆல்டர் பண்ணி, மறுக்கா அதே டேபிளுக்குத்தானே அனுப்பறாங்க? எனக்கும் ஒரு தடவை அப்படிக் குடுங்க."

"அதே டேபிளுக்குன்னா?"

"எங்கம்மாவும் முன்னால உக்காருவாங்க. ஸ்டிக்கரோட."

பஃப்ஸ் பெட்டியின் கதவைச் சாத்திவிட்டு கடையில் முதல் முறையாக அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சரி. இன்னொண்ணு. வருசத்தைப் பத்தி அதுக்கப்புறம் பேசிக்கலாம். ஆனா ஒண்ணுங்க, தப்பை ஒத்துக்கறதைக் கேக்க ஆருங்க வருவா?"

அடுத்த ஞாயிறு கல்லைப் பார்க்க அம்மாவோடு போனேன். போகும் வழியெல்லாம் ஜன்னலோர சீட் அவளுக்கு. தென்னந்தோப்புகளுக்கு மேலே சுற்றும் காற்றாலைகளில் எது நிற்கிறது, எது ஓடுகிறது என்று எண்ணிக்கொண்டே வந்தாள். நிற்பதெல்லாம் ஆல்டர் என்றாள். பஸ் ஸ்டாப்பில் இறங்கியதும், யோசிக்கக்கூட இல்லை, கைப்பையைக் கல்லின் உடைந்த மூலையில் மாட்டினாள். கரும்பு லாரி மோதி உடைந்ததாம் அந்த மூலை. பை கச்சிதமாக உட்கார்ந்தது.

இந்த முறை தாளின் நான்கு மூலையிலும் 'முன்பக்கம்' என்று எழுதிவிட்டுத்தான் ஒட்டினேன். நான் தேய்க்கத் தொடங்குவதற்குள் அம்மா கல்லின் மேல் விரல்களை ஓட்டிப் பார்த்தாள். தோள் தையலைப் பார்ப்பது போலத்தான், கண் எங்கேயோ இருக்க, விரல் மட்டும் போனது. கீழே, மண்ணோடு மண்ணாக இருந்த இடத்தில் விரல் நின்றது.

"இங்க ஏதோ மேடு தட்டுது. மண்ணைத் தள்ளு."

தள்ளினேன். வீரனின் காலுக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில், ஒரு கன்றுக்குட்டி இருந்தது. போன முறை நான் மண்ணுக்கு மேலே மட்டும்தான் தாளை ஒட்டியிருந்தேன். அவன் எந்தக் கையால் சண்டை போட்டான் என்று பக்கம் பக்கமாக எழுதியவளுக்கு, எதற்காகச் சண்டை போட்டான் என்று கேட்கத் தோன்றவில்லை.

"இத்தனை வருசம் இதுல சாஞ்சு நின்னிருக்கறேன். இது எனக்கும் தெரியாது" என்றாள் அம்மா. அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

திரும்பி வந்ததும் கட்டிங் மாஸ்டரிடம் புதுத் தாளைக் காட்டினேன். அவர் வீரனைப் பார்க்கவே இல்லை. புலியைத்தான் உற்றுப் பார்த்தார்.

"புலி ஓங்கியிருக்கறது எந்தக் கால் தாயி?"

முன்னும் பின்னும் இரண்டு முறை பார்த்துவிட்டுச் சொன்னேன். "இடதுங்க."

"அது போதும். எங்காளுகளைக் கூட்டியாறேன். ஆனா அம்மாகிட்டக் கேட்டுக்கிருங்க."

அம்மாவிடம் கேட்டேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இடதுதான் என்றாள். ஸ்டிக்கர் விழவில்லை.

இன்று காலை வேலைக்குப் போகும் வழியில் பேக்கரியில் இறங்கினேன். நோட்டீஸை நானே எழுதியிருந்தேன். போன கூட்டத்தில் நான் சொன்னது தவறு என்பது முதல் வரி. வலதுகை வீரன், இடதுகால் புலி, ஒரு கன்றுக்குட்டி என்பது தலைப்பு. பேக்கரிக்காரர் இரண்டு முறை படித்துவிட்டு, முதல் வரியை இன்னும் கொஞ்சம் சின்னதாக எழுதியிருக்கலாமே என்றார். வேண்டாங்கண்ணா என்று சொல்லிவிட்டு, கண்ணாடிக் கதவில் உள்பக்கமிருந்து ஒட்டினேன். பிறகு வெளியே போய், பல்லடம் ரோட்டில் இறங்கி நின்று, போகிறவர்கள் கண்ணுக்கு அது எப்படித் தெரிகிறது என்று படித்துப் பார்த்தேன். நேராகத்தான் இருந்தது.